கடலடிக் கேள்விகள்: வளையம் போட்ட குஞ்சு, கோடு போட்ட பெரியது

கேள்வி: ஏப்ரல் கடைசியில் குடும்பத்தோடு அந்தமான் போயிருந்தோம். ஸ்வராஜ் தீவில், எலிஃபன்ட் பீச்சில் முகமூடி மாட்டிக்கொண்டு தண்ணீருக்குள் பார்த்தபோது, பாறை இடுக்கு ஒன்றில் கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு மீன் நின்றது. கருநீல உடம்பு, அதன்மேல் வெள்ளை வளையங்கள். வழிகாட்டியாக வந்த தம்பி எடுத்த படத்தை இணைத்திருக்கிறேன். கொஞ்சம் ஆழத்தில் மஞ்சளும் நீலமுமாகக் கோடு போட்ட பெரிய மீன் ஒன்றையும் காட்டி, "அதோட குஞ்சுதான் சார் இது" என்றார். என் மகள் உடனே நம்பிவிட்டாள். எனக்கு நம்ப முடியவில்லை. இரண்டுக்கும் எந்த ஒற்றுமையும் இல்லையே?
- வாசகர், மதுரை

பதில்: உங்கள் மகள் நம்பியதுதான் சரி. அந்தத் தம்பிக்கு மீன் தெரிந்திருக்கிறது. இரண்டும் ஒரே இனம். எம்பரர் ஏஞ்சல் மீன் என்பார்கள், அறிவியல் பெயர் போமகாந்தஸ் இம்பெரேட்டர். பேரரசர் என்ற பொருளில் வைத்த பெயர்.

நீங்கள் நம்பாததிலும் நியாயம் இருக்கிறது. நானும் ஒரு காலத்தில் இரண்டையும் இரண்டு மீனாகவே நோட்டில் எழுதி வைத்திருந்தேன். அப்போது மண்டபம் பக்கத்துப் பள்ளி ஒன்றில் உயிரியல் ஆசிரியராக இருந்தேன். சங்கு குளிக்கும் மீனவர்களோடு பழகி, அவர்களிடம்தான் மூச்சை அடக்கி இறங்கக் கற்றுக்கொண்டேன். பார்த்ததையெல்லாம் வந்து நோட்டில் படமாகப் போடுவேன். ஒரு பக்கத்தில் வளையக்காரன், இன்னொரு பக்கத்தில் கோட்டுக்காரன். பல வருஷம் கழித்துப் போர்ட் பிளேர் பக்கத்தில் இறங்கியபோது, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மீன் பாறை விளிம்பில் இருந்து எட்டிப் பார்த்தது. பின்பாதியில் வெள்ளை வளையம் அழிந்தும் அழியாமலும் கிடந்தது, சுவரில் பழைய வெள்ளைப் பூச்சுக்கு மேல் புதுச் சாயம் அடித்தால் தெரியுமே, அது மாதிரி. அந்த வளையங்களுக்கு ஊடாக மெல்லிய மஞ்சள் கோடுகள் குறுக்கே ஓட ஆரம்பித்திருந்தன. கண்ணுக்கு மேல் கறுப்புப் பட்டை பாதி வந்திருந்தது. ஒரே உடம்பில் இரண்டு மீன். மேலே வந்ததும் நோட்டின் இரண்டு பக்கங்களையும் ஒரு கோடு போட்டுச் சேர்த்தேன்.

பெயர் வைத்த அறிஞர்களுக்கும் இதே கதைதான் நடந்தது. பெர்லினில் மருத்துவராக இருந்த மார்க்கஸ் எலீசர் பிளாக் என்பவர் 1787-ல் பெரிய மீனுக்கு இம்பெரேட்டர் என்று பெயரிட்டார். அவர் 1799-ல் இறந்த பிறகு, அவருடைய கையெழுத்துப் பிரதியை ஷ்னைடர் என்பவர் முடித்து 1801-ல் வெளியிட்டார். அதில் வளையம் போட்ட குஞ்சு தனி இனமாக, நிக்கோபாரியென்சிஸ் என்ற பெயரோடு இருக்கிறது. நிக்கோபார் மீன் என்று அர்த்தம். நீங்கள் போய் வந்த தீவுக்கூட்டத்துக்குப் பக்கத்துத் தீவுகளின் பெயர். அது இந்த மீனின் குஞ்சுதான் என்று தெளிந்ததும் அந்தப் பெயர் விலக்கப்பட்டு, முந்திய பெயரே நிலைத்தது.

பிளாக்குக்கும் நம் கரைக்கும் ஒரு தொடர்பு உண்டு, அதைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. தரங்கம்பாடியில் இருந்த கிறிஸ்டோப் சாமுவேல் ஜான் என்ற மிஷனரி நம் கடல் மீன்களைச் சேகரித்துப் பெர்லினுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். அந்த நன்றிக்காக பிளாக் ஒரு மீன் பேரினத்துக்கே ஜானியஸ் என்று பெயர் வைத்தார். இன்றைக்கும் நாம் சந்தையில் கத்தாளை என்று வாங்கும் மீன்களில் அந்தப் பேரினத்து மீன்களும் இருக்கின்றன.

சரி, உங்கள் படத்துக்கு வருகிறேன். கருநீலத்தில் வெள்ளைக் கோடு போட்ட ஏஞ்சல் குஞ்சு என்றால் எல்லாம் எம்பரர் ஆகிவிடாது. நம் கடல்களில் குறைந்தது மூன்று இனங்களின் குஞ்சுகள் இப்படி ஏமாற்றும். வால் பக்கத்தைப் பாருங்கள். அங்கே வெள்ளைக் கோடு முழுசாகச் சுற்றி மூடிய வட்டமாக இருந்தால் எம்பரர். குளத்தில் கல்லைப் போட்டால் வளையம் விரியுமே, அந்த மாதிரி வாலை ஒட்டிய ஒரு புள்ளியிலிருந்து தலையை நோக்கி வளையங்கள் விரிந்துகொண்டே போகும். வட்டம் மூடாமல், வால் பக்கம் திறந்த பிறைகளாக நின்றால் அது செமிசர்க்குலேட்டஸ் என்னும் இனம். அதன் வாலில் உள்ள கோடுகள் அரபு எழுத்துப் போலத் தெரிவதால் குர்ஆன் ஏஞ்சல் என்றும் ஒரு பெயர் வழங்குகிறது. கோடுகள் கிட்டத்தட்ட நேராக, கொஞ்சமே வளைந்து மேலிருந்து கீழாக இறங்கினால் அது ஆன்னுலாரிஸ், ப்ளூ ரிங் ஏஞ்சல். உங்கள் படத்தில் மீன் பாதி திரும்பி நின்றாலும் வாலுக்கு முன்னால் ஒரு முழு வட்டம் தெளிவாகத் தெரிகிறது. அதனால் சந்தேகமில்லை.

வளர்ந்ததை அடையாளம் காண்பது சுலபம். உடம்பு முழுக்க நீலத்தில் மஞ்சள் கோடுகள், முகத்தில் கண்ணை மறைத்தாற்போல் கறுப்புப் பட்டை, அதற்கு விளிம்பில் மின்னும் நீலம், வால் முழு மஞ்சள். 40 சென்டிமீட்டர் வரை வளரும். இந்தியப் பெருங்கடலில் வாழும் எம்பரருக்கு முதுகுத் துடுப்பின் பின்முனை வட்டமாக முடியும், பசிபிக்கில் வாழ்வதற்கு அந்த முனை இழை போல நீண்டிருக்கும்.

இன்னொரு அடையாளம், நிறத்தை நம்பாமல் பார்க்க வேண்டியது: கன்னத்து முள். ஏஞ்சல் மீன் எதுவானாலும் செவுள் மூடிக்கு முன்னால், கன்னத்தின் கீழ்மூலையில் பின்னோக்கி நீட்டிய கூர்மையான முள் ஒன்று இருக்கும். வண்ணத்துப்பூச்சி மீன்களுக்கு அது கிடையாது. போமகாந்தஸ் என்ற பெயரே கிரேக்கத்தில் மூடி, முள் என்ற இரண்டு சொற்கள் சேர்ந்ததுதான். எங்கள் பக்கத்துக் கரையில் தட்டையாகப் பளபளவென்று இருக்கும் எல்லாவற்றையும் வண்ணாத்தி என்று ஒரே பெயரில் முடித்துவிடுவார்கள். ஒருமுறை வலையில் சிக்கிச் செத்துப்போன ஒன்றை எடுக்கப் போய், முள் என் ஆள்காட்டி விரலில் நன்றாக இறங்கிவிட்டது. கண்ணியில் துடுப்பு மாட்டியிருக்கிறது என்று நினைத்து இழுத்தேன், மாட்டியிருந்தது கன்னத்து முள். அது ஏஞ்சல் என்று அந்த விரல் சொல்லியது, அதற்கப்புறம் மறக்கவே இல்லை.

உங்கள் மகள் அடுத்து என்ன கேட்பாள் என்று எனக்குத் தெரியும். குஞ்சுக்கு ஏன் வேறு சட்டை? வளர்ந்த எம்பரர் தன் எல்லைக்குள் தன் இனத்தின் இன்னொரு பெரிய மீனை விடாது, விரட்டிக் கடிக்கும். மஞ்சள் கோட்டோடு ஒரு சின்ன மீன் உள்ளே வந்தால் அதற்கும் அடி விழும். வளையம் போட்டிருந்தால் எதிராளியாகத் தெரியாமல், அதே பாறையில் ஒதுங்கி வளர முடிகிறது. ஆய்வாளர்கள் பலரும் ஏற்கிற விளக்கம் இதுதான். பெற்ற பிள்ளையையே அடிக்குமா என்று வருத்தப்பட வேண்டாம். அந்தி நேரத்தில் இந்த மீன்கள் முட்டையை நீரிலேயே விட்டுவிடும். அது நீரோட்டத்தில், எங்கள் மீனவர்கள் சொல்லும் நீவாட்டில், மிதந்து போய்விடும். பொரித்த குஞ்சு வாரக்கணக்கில் திறந்த கடலில் அலைந்துவிட்டுத்தான் ஏதோ ஒரு பாறையில் வந்து இறங்குகிறது. நீங்கள் பார்த்த சின்னதும் பெரியதும் உறவாக இருக்க அநேகமாக வாய்ப்பில்லை.

கேள்வி: ஒரு மீனின் வாழிடம் என்று புத்தகத்தில் "பவளப்பாறைகள்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். பவளப்பாறையில் எந்த இடம்? எல்லா இடமும் ஒன்றா?
- கல்லூரி மாணவி, நாகர்கோவில்

பதில்: ரொம்பச் சந்தோஷம் அம்மா, இதைக் கேட்டதற்கு. ஊரின் பெயரை மட்டும் சொன்னால் வீடு எங்கே என்று கண்டுபிடிக்க முடியுமா? தெருவைச் சொல்ல வேண்டும், முடிந்தால் எத்தனாவது வீடு என்பதையும்.

நமக்குப் பக்கத்தில் இருக்கும் மன்னார் வளைகுடாவையே எடுத்துக்கொள்ளுங்கள். தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் இடையில் 21 தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறை இருக்கிறது. 21 என்று எண்ணினாலும், பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டும் இப்போது தண்ணீருக்கு அடியில் போய்விட்டன. ஒரு காலத்தில் சுண்ணாம்புக்காக வண்டி வண்டியாக முருகைக்கல்லை வெட்டி எடுத்தார்கள், அலையைத் தாங்கும் சுவர் போனதும் தீவும் கரைந்தது. 1986-ல் இந்தத் தீவுகள் கடல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. 2001-ல் பவளங்கள் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குள் வந்த பிறகு, வெட்டுவது படிப்படியாக நின்றது. அந்தப் பாதுகாப்பு இருபது வருஷம் முன்னால் வந்திருந்தால் அந்த இரண்டு தீவுகளிலும் நாம் இன்றைக்குக் கால் வைத்திருக்கலாம் என்ற ஆதங்கம் எனக்கு இன்னும் போகவில்லை.

இங்கே ஒரு தீவுக்கும் கரைக்கும் நடுவில் முதலில் கடற்புல் படுகை. அப்புறம் உடைந்த பவளத் துண்டுகள் குவிந்த சல்லித் தரை. விலாங்குசல்லி, காரைச்சல்லி என்று தீவின் பெயரிலேயே அந்தச் சல்லி ஒட்டிக்கொண்டிருப்பதைக் கவனியுங்கள். அதைத் தாண்டினால் உயிருள்ள பவளம். ஓரிடத்தில் மான்கொம்பு போலக் கிளைவிட்டது, இன்னோரிடத்தில் தட்டு அடுக்கியது போல, வேறிடத்தில் உரல் கணக்கில் உருண்டை. பெரும்பாலும் நாலைந்து மீட்டர் ஆழத்துக்குள்ளேயே எல்லாம் முடிந்துவிடும். தண்ணீரும் அந்தமான் போலத் தெளிவாக இருக்காது, காற்றடிக்கும் மாதங்களில் ஒரே கலங்கல்.

இதில் ஒவ்வொரு மீனும் தனக்கென்று ஓர் இடம் வைத்திருக்கிறது. கிளைப் பவளத்துக்குள் விரல் நீள டாம்செல் மீன்கள் கூட்டமாக இருக்கும். கையை நீட்டினால் எல்லாம் ஒரே நொடியில் கிளைக்குள் போய்விடும், கையை எடுத்தால் ஒவ்வொன்றாக வெளியே வரும். வண்ணத்துப்பூச்சி மீன்களில் சில இனங்கள் பவளத்தின் உயிருள்ள சதையை மட்டுமே கொத்தித் தின்னும். அதனால் பவளம் வெளிறிச் செத்தால் முதலில் காணாமல் போவதும் அவைதான். மன்னார் வளைகுடாவில் 2010-லும் 2016-லும் கோடையில் கடல் சூடேறிப் பவளங்கள் வெளிறின. அந்த மாதிரி ஒரு கோடையில் நான் இறங்கிப் பார்த்த ஒரு பாறை, சுண்ணாம்பு அடித்த சுவர் போல நின்றது. அதன்மேல் ஒரு ஜோடி வண்ணத்துப்பூச்சி மீன் இங்கும் அங்கும் போய்க் கொத்திக் கொத்திப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தக் காட்சியை நினைத்தால் இப்போதும் எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

எம்பரர் ஏஞ்சலுக்கு வேண்டியது வேறு. அதற்கு ஒரு கூரை வேண்டும். பாறைத் தட்டுக்கு அடியில், குகை வாயில், பிளவுகளில்தான் அது நிற்கும். உணவு கடற்பஞ்சும் பாசியும். கடற்பஞ்சு நிழலான சுவர்களில் செழிப்பாக ஒட்டி வளர்வதால் வீடும் சாப்பாடும் பக்கத்துப் பக்கத்தில் அமைந்துவிடுகிறது. பெரியது தெளிந்த தண்ணீர் ஓடும் கால்வாய்கள், வெளிக்கடல் பக்கத்துச் சரிவு என்று 100 மீட்டர் ஆழம் வரைகூடப் போகும். குஞ்சு ஆழம் குறைந்த இடத்தில் ஒரு பொந்தை விட்டு ஓர் அடிகூட நகராது. ஒரே குஞ்சை அதே பொந்தில் நாலு நாள் தொடர்ந்து பார்த்திருக்கிறேன். ஐந்தாம் நாள் அதைவிடப் பெரிய ஒரு மீன் பொந்து வாசலில் வந்து சும்மா நின்றது. குஞ்சு வெளியே வந்து அதன் விலாவில் ஒட்டியிருந்ததைக் கொத்தி எடுத்துவிட்டு உள்ளே போனது. சின்ன வயதில் இவை மற்ற மீன்களின் மேல் உள்ள ஒட்டுண்ணியைத் தின்று சுத்தம் செய்வதும் உண்டு.

அதனால் நீங்கள் குறிப்பு எழுதும்போது "பவளப்பாறை" என்று நிறுத்தாதீர்கள். எத்தனை மீட்டர், எந்த மாதிரிப் பவளம், மேலே கூரை இருந்ததா, தரை மணலா சல்லியா, மீன் தனியாகவா ஜோடியாகவா, என்ன கொத்திக்கொண்டிருந்தது என்று எழுதுங்கள். நிறத்தைக் கடைசியில் எழுதுங்கள். ஐந்து மீட்டருக்குக் கீழே போனாலே சிவப்பு மங்கிச் சாம்பலாகத் தெரிய ஆரம்பிக்கும். வயது மாறினால் நிறம் மாறுகிறது, சில மீன்களில் ராத்திரிக்கு ஒரு நிறம் பகலுக்கு ஒரு நிறம். இருந்த இடமும் உடம்பின் வடிவமும் அவ்வளவு சீக்கிரம் பொய் சொல்லாது.

கேள்வி: தூத்துக்குடி சந்தையில் ஒரே கூடையில் இரண்டு விதமான மீன். ஒன்று மங்கிய மஞ்சளில் நீலப் பட்டை போட்டது, மற்றது பச்சையும் நீலமுமாக ஜொலிக்கிறது. விற்கிற அக்கா இரண்டுமே கிளி மீன் என்கிறார். விலையும் ஒன்றே. என் கணவர் கேரளக்காரர், "கிளி மீன் என்றால் சிவப்பாக இருக்கும், இது இல்லை" என்கிறார். யார் சொல்வது சரி?
- வாசகி, தூத்துக்குடி

பதில்: இருவருமே சரி அம்மா. கேரளத்தில் கிளிமீன் என்று விற்பது இளஞ்சிவப்பான வேறு மீன், நெமிப்டெரஸ் வகை. அது மணல் தரையில் இழுவலையில் வருவது. நம் பக்கத்துக் கிளி மீன் பாறை மீன். பல்லெல்லாம் ஒட்டிக் கிளியின் அலகு மாதிரி இருப்பதால் அந்தப் பெயர். அடுத்த முறை வாங்கும்போது உதட்டைத் தூக்கிப் பாருங்கள்.

அந்த அக்கா சொன்னது முழுக்க உண்மை. நீங்கள் எழுதிய அடையாளத்தை வைத்துப் பார்த்தால் இரண்டும் ஸ்காரஸ் கோபன் என்ற ஒரே இனமாகத்தான் இருக்க வேண்டும். மன்னார் வளைகுடாவில் சாதாரணமாகக் கிடைக்கும் கிளி மீன் அது. மஞ்சளில் ஐந்து நீலப் பட்டைகளோடு இருப்பது இளம் பருவத்தது, பெரும்பாலும் பெண். பச்சை நீலமாக ஜொலிப்பது வளர்ந்த ஆண். இந்தக் கிளி மீன்களில் பெண்ணாக வாழ்ந்த மீனே பிறகு ஆணாக மாறும், மாறும்போது சட்டையும் மாறிவிடும். ஏஞ்சல் மீனில் வயது செய்ததை இங்கே பால் மாற்றம் செய்கிறது. பிளாக் காலத்து அறிஞர்கள் தொடங்கிப் பின்னால் வந்தவர்கள் வரை, கிளி மீன்களின் ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனி இனப்பெயர் வைத்து, அப்புறம் நிறையப் பெயர்களை நீக்க வேண்டி வந்தது. சந்தையில் கூடையோடு உட்கார்ந்திருந்தவர்கள் அதைத் தினமும் பார்த்து ஒரே பெயரில் விற்றுக்கொண்டிருக்கிறார்கள்.

ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கிளி மீன் பாறைமேல் படரும் பாசியைச் சுரண்டித் தின்கிற மீன். கூடவே சுண்ணாம்பும் வயிற்றுக்குள் போய் அரைபட்டு வெண்மணலாக வெளியே வரும். பாசியைச் சுரண்ட ஆள் இல்லாவிட்டால் புதிய பவளக் குஞ்சு ஒட்ட இடம் கிடைக்காது. மீனவர் குடும்பத்துக்கு அது சாப்பாடு என்பது எனக்குத் தெரியும், வாங்காதீர்கள் என்று சொல்ல மாட்டேன். கூடையில் வேறு மீன் இருக்கிற நாளில் அதை வாங்குங்கள்.

கேள்வி: வெள்ளையில் கறுப்புப் பட்டை, முதுகில் நீளமான வெள்ளை இழை. இது மூரிஷ் ஐடலா?
- வாசகர், திருநெல்வேலி

பதில்: வாலைப் பாருங்கள். வால் கறுப்பாக, மூக்கு குழல் போல நீண்டு அதன்மேல் மஞ்சள் திட்டு இருந்தால் மூரிஷ் ஐடல். வால் மஞ்சளாக இருந்தால் ஹெனியோகஸ், அதாவது வண்ணத்துப்பூச்சி மீன் குடும்பம். நீங்கள் அனுப்பிய படத்தில் வால் நல்ல மஞ்சள்.

கேள்வி: கடை ஒன்றில் ஐந்து சென்டிமீட்டர் நீளத்தில், கருநீலத்தில் வெள்ளைக் கோடு போட்ட கடல் மீன் வைத்திருக்கிறார்கள். என் வீட்டில் மூன்றடித் தொட்டி இருக்கிறது. உப்புநீர் அமைப்பும் செய்துவிட்டேன். வாங்கலாமா?
- வாசகர், கோயம்புத்தூர்

பதில்: வாங்காதீர்கள் தம்பி. மனதில் பட்டதை நேராகவே சொல்கிறேன்.

நீங்கள் அனுப்பிய படத்தில் கோடுகள் ஏறக்குறைய நேராக இறங்குகின்றன. அது ப்ளூ ரிங் ஏஞ்சலின் குஞ்சு. வளர்ந்தால் 45 சென்டிமீட்டர் வரை போகும். உங்கள் தொட்டி 90 சென்டிமீட்டர். தன் உடம்பைப் போல இரண்டு மடங்கு நீளமுள்ள அறையில் அது ஆயுள் முழுக்கத் திரும்பித் திரும்பி நிற்க வேண்டியிருக்கும். நீங்கள் ஆசைப்பட்ட அந்த வெள்ளைக் கோடும் அப்போது இருக்காது. உடம்பு பழுப்பாகி, நீலக் கோடுகள் வளைந்து மேலேறி, செவுளுக்குப் பின்னால் தோளில் ஒரு நீல வளையம் வந்திருக்கும். அதுவும் அழகான மீன்தான், ஆனால் நீங்கள் வாங்கியது அதுவல்ல.

சாப்பாடு இன்னொரு கஷ்டம். கடலில் அது நாளெல்லாம் கடற்பஞ்சைக் கொறிக்கும் மீன். கடையில் விற்கும் உருண்டைத் தீவனத்தைத் தின்னாமல் மெலிந்து செத்த குஞ்சுகளைக் கொண்டுவந்து "என்ன நோய் சார்?" என்று என்னிடம் காட்டியவர்கள் உண்டு. நோய் ஒன்றும் இல்லை, பட்டினி.

அப்புறம், பிடிக்கும் விதம். கடைகளுக்கு வரும் ஏஞ்சல் மீன்கள் பெரும்பாலும் கடலில் பிடித்தவை, பண்ணையில் பொரித்தவை அல்ல. தென்கிழக்கு ஆசியக் கடல்களில் பாறை இடுக்கில் சயனைடு கரைசலைப் பீச்சி, மீனை மயக்கிப் பிடிக்கும் வழக்கம் பல ஆண்டுகளாக இருக்கிறது. அந்த நஞ்சு பக்கத்துப் பவளத்தையும் கொல்லும். உங்கள் கடையில் உள்ளது எப்படிப் பிடித்தது என்று கடைக்காரருக்கே தெரிந்திருக்காது.

கடல் மீன் வளர்த்தே ஆக வேண்டும் என்றால் கோமாளி மீனில் ஆரம்பியுங்கள். மண்டபத்தில் உள்ள மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையத்தில் கோமாளி மீன்களைப் பொரிப்பகத்திலேயே இனப்பெருக்கம் செய்யும் முறையை உருவாக்கியிருக்கிறார்கள். பொரிப்பகத்தில் பிறந்த மீன் தொட்டித் தீவனத்துக்குப் பழகியே வரும், மூன்றடித் தொட்டி அதற்குப் போதும். பொரிப்பகத்து மீன்தானா என்று கடையில் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: மீன் தூங்குமா? கண்ணை மூடாமல் எப்படித் தூங்கும்?
- ஏழாம் வகுப்பு மாணவன், ராமநாதபுரம்

பதில்: தூங்கும் கண்ணா. இமை இல்லாததால் நமக்குத்தான் அது முழித்திருப்பது போலத் தெரிகிறது. மேலே தூத்துக்குடி அத்தை கேட்ட கிளி மீன் இருக்கிறதே, அதன் குடும்பத்தில் பல இனங்கள் தூங்குவதற்கு முன்னால் வாயிலிருந்தும் செவுளிலிருந்தும் கோழை போல ஒன்றை விட்டு, உடம்பைச் சுற்றி ஒரு பை கட்டிக்கொள்ளும். ராத்திரியில் ரத்தம் குடிக்க வரும் சின்ன ஒட்டுண்ணிகளை அந்தப் பை தடுக்கிறது என்று சோதனை செய்து பார்த்திருக்கிறார்கள்.

அந்தமானில் ஒரு ராத்திரி டார்ச்சோடு இறங்கினபோது பாறைக்கு அடியில் நானே பார்த்தேன். கண்ணாடித் தாள் சுற்றின மாதிரி மெல்லிசாக ஒரு பை, உள்ளே ஒரு பக்கமாகச் சாய்ந்து கிளி மீன், வாய் மட்டும் மெதுவாகத் திறந்து மூடிக்கொண்டிருந்தது. பையின்மேல் மணல் துகள்கள் தூசி மாதிரி ஒட்டியிருந்தன. டார்ச்சை வேறு பக்கம் திருப்பிவிட்டு, அதை எழுப்பாமல் மேலே வந்துவிட்டோம்.